கணக்கெழுதிய கை துப்பாக்கி ஏந்திய கதை

ஸ்டாலின்கிராடு வீரர் வாசிலி ஜைத்சேவ்

(ஸ்டாலின்கிராடு வெற்றி நாளையொட்டி நடந்த கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



1943-ம் ஆண்டு பிப்ரவரி 2-ம் தேதி, வால்கா நதிக்கரையில் ஸ்டாலின்கிராடு நகரத்தில் பீரங்கிகள் ஓய்ந்தன. அதற்கு முன் 200 நாட்கள் அங்கே இரவும் பகலும் யுத்தம் நடந்தது. பிரான்சை மிதித்து, பெல்கிராடைப் பிடித்து, கீவ் நகரத்தில் கொடியேற்றி வந்த ஹிட்லரின் சேனை, அந்த நதிக்கரையில் வந்துதான் முதுகெலும்பு முறிந்து விழுந்தது. ஆறாவது ஜெர்மன் சேனையின் தளபதி பௌலுஸ் ஜனவரி 31-ல் சரணடைந்தார். சுமார் 91,000 பேர் கைதிகளாக வரிசையில் நடந்தார்கள். தோல்வியே அறியாதவர்கள் என்று கொக்கரித்தவர்கள், பனியில் கந்தலைச் சுற்றிக்கொண்டு தள்ளாடிப் போனதை உலகம் பார்த்தது.

இந்தப் பெரும் யுத்தத்தில் லட்சோப லட்சம் பேர் போரிட்டார்கள். அவர்களில் ஒரே ஒருவரைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அவர் பெயர் வாசிலி ஜைத்சேவ். மறைந்திருந்து குறி பார்த்துச் சுடும் வீரர். அவரைப் பற்றிக் கதைகள் வந்திருக்கின்றன, சினிமாவும் வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதைகளில் ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்த உரை.

யார் இந்த ஜைத்சேவ்?

1915 மார்ச் 23-ல் உரால் மலைப் பகுதியில் ஒரு குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். ஜார் மன்னனின் ஆட்சிக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆயுள் பாக்கியிருந்த காலம். காட்டை ஒட்டிய வாழ்க்கை. வேட்டையாடினால்தான் தோல் கிடைக்கும், தோல் விற்றால்தான் வீட்டுக்குச் சாமான் வரும். அவருடைய பாட்டனார் நல்ல வேட்டைக்காரர். பேரனுக்கு அடிச்சுவடு பார்க்கவும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கவனிக்கவும், மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கவும் சொல்லிக் கொடுத்தார். ஏழை வீட்டில் தோட்டாவும் காசுதானே! ஒன்றைக் கூட வீணாக்க முடியாது.

இதோடு கதையை நிறுத்திக்கொள்வதுதான் சினிமாக்காரர்களின் வழக்கம். காட்டிலிருந்து வந்தான், துப்பாக்கியை எடுத்தான், சுட்டான், வீரனானான்! ஆனால் காட்டுக்கும் யுத்த களத்துக்கும் நடுவில் என்ன நடந்தது?

புரட்சி நடந்தது, தோழர்களே! குடியானவர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போனான். மக்னீதகோர்ஸ்க் என்ற இடத்தில், முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் வெறும் புல்வெளியின் மேல் ஒரு பிரம்மாண்டமான எஃகு நகரத்தை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே கட்டடத் தொழில்நுட்பப் பள்ளியில் படித்தான். பிறகு கணக்கு எழுதும் படிப்பும் படித்தான். 1937-ல் பசிபிக் கடற்படையில் சேர்ந்தபோது அவனுக்குக் கிடைத்தது எழுத்தர் உத்தியோகம். யுத்தம் மூண்டபோது அவர் கடற்படையில் பணக் கணக்குப் பிரிவின் பொறுப்பாளர். சம்பளப் பட்டியல், வரவு செலவு, ரசீது, கையெழுத்து: இதுதான் அவருடைய அன்றாட வேலை.

கவனியுங்கள். யுத்தம் நடப்பது மேற்கே, அவர் இருப்பது கிழக்குக் கோடியில், பசிபிக் சமுத்திரக் கரையில். நடுவில் முழு நாடே கிடக்கிறது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து யுத்தம் முடியும்வரை கணக்கெழுதிக்கொண்டிருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் "என்னைப் போர்முனைக்கு அனுப்புங்கள்" என்று மனு எழுதினார். ஒரு முறை எழுதினார், மறுபடியும் மறுபடியும் எழுதினார். கடைசியில் உத்தரவு கிடைத்தது.

எரியும் கரையில்

1942 ஆகஸ்டு 23-ல் ஜெர்மன் விமானங்கள் ஸ்டாலின்கிராடின் மேல் குண்டு மழை பொழிந்தன. ஆயிரக்கணக்கான பொதுமக்கள் மாண்டார்கள். நகரம் இடிபாட்டுக் குவியலாயிற்று. டிராக்டர் ஆலை, செவ்வக்டோபர் எஃகு ஆலை, பரிக்காடி பீரங்கி ஆலை எல்லாம் போர்க்களமாயின. ஜெனரல் சுய்கோவின் தலைமையில் 62-வது சேனை நதியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு குறுகிய கரைப் பட்டையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

அந்தக் கரைக்குத்தான் 1942 செப்டம்பரில் ஜைத்சேவ் வந்து சேர்ந்தார். கர்னல் பத்யூக் தலைமையில் இருந்த 284-வது துப்பாக்கிப் படைப் பிரிவு, இரவோடு இரவாக வால்காவைக் கடந்தது. பசிபிக் கடற்படையிலிருந்து வந்த மாலுமிகள் இந்தப் பிரிவில் நிறைய இருந்தார்கள். காலாட்படைச் சட்டை போட்டுக்கொண்டாலும், உள்ளே தங்கள் கோடு போட்ட கடற்படைப் பனியனைக் கழற்ற மறுத்துவிட்டார்கள்.

கரையேறியதும் முதல் சண்டை எண்ணெய்க் கிடங்குகளின் பக்கத்தில். ஜெர்மன் விமானங்கள் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டன. எரியும் எண்ணெய் அவர்கள் மேலே தெறித்தது. தீப்பிடித்த சட்டைகளைக் கிழித்தெறிந்துவிட்டு, வெறும் பனியனோடு அவர்கள் முன்னேறிப் பாய்ந்தார்கள். கணக்கெழுதும் மேஜையிலிருந்து ஜைத்சேவ் வந்து சேர்ந்த இடம் இது.

"வால்காவுக்கு அப்பால் நமக்கு நிலம் இல்லை." அந்த நாட்களில் அவர் சொன்னதாக நிலைத்துவிட்ட வாசகம் இது. பூகோளப் புத்தகத்தைப் பார்த்தால் இது சரியல்ல. வால்காவுக்கு அப்பால் ஏராளமான நிலம் இருக்கிறது. ஜைத்சேவ் பிறந்த உரால் பூமியே அந்தப் பக்கம்தான். ஆனால், பின்வாங்கிப் பின்வாங்கி வந்த ஒரு சேனை, "இனி ஓர் அடியும் இல்லை" என்று தன் மனத்துக்குள் கோடு கிழித்துக்கொண்ட இடம் அது. படை முழுவதும் அந்த வாசகத்தைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டது.

இடிபாடுகளே கோட்டை

சுய்கோவ் ஒரு யுத்த முறையைக் கடைப்பிடித்தார். எதிரிக்கு மிக அருகிலேயே, கைக்குண்டு எறியும் தூரத்தில் ஒட்டிக்கொண்டு நில்லுங்கள் என்றார். அப்போதுதான் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட முடியாது. போட்டால் அவர்கள் தலையிலும் விழும். இப்படி அறைக்கு அறை, மாடிக்கு மாடி, சாக்கடைக்குச் சாக்கடை நடக்கும் யுத்தத்தில், டாங்கியைவிட ஒரு ஜன்னல் ஓரத்தில் கிடக்கும் ஒரு மனிதனின் கண்ணுக்கு மதிப்பு அதிகமாகிவிடுகிறது.

நகரத்தின் நடுவில் மமாயெவ் குன்று இருக்கிறது. படத்தில் 102 மீட்டர் என்று குறித்திருக்கும் மேடு. அந்தக் குன்றைப் பிடித்திருப்பவனுக்கு நதி முழுவதும் தெரியும். படகில் வரும் ரொட்டி, தோட்டா, புதிய சிப்பாய், திரும்பிப் போகும் காயம்பட்டவன் எல்லாமே அவன் குறிக்குள் வந்துவிடும். ஆகவே அங்கே உட்கார்ந்து பீரங்கிக்கு இலக்குச் சொல்லும் ஜெர்மன் நோட்டக்காரனையும், எந்திரத் துப்பாக்கிக்காரனையும் வாயடைக்கச் செய்வது, நதியில் வரும் நூற்றுக்கணக்கானவர்களின் உயிரைக் காப்பதற்குச் சமம். ஜைத்சேவ் செய்த வேலையின் முழு அர்த்தம் இதுதான்.

தொடக்கத்தில் அவர் கையில் இருந்தது எல்லாச் சிப்பாயிடமும் இருந்த சாதாரண மோசின் துப்பாக்கி. அதைக் கொண்டே வெகு தூரத்தில் இருந்த ஜெர்மன் சிப்பாய்களை வீழ்த்தினார். அதைப் பார்த்த பிறகுதான் தொலைநோக்கி பூட்டிய துப்பாக்கியை அவருக்குக் கொடுத்தார்கள். 1942 நவம்பர் 10 முதல் டிசம்பர் 17 வரை, ஐந்தே வாரங்களில் அவர் வீழ்த்திய எதிரிச் சிப்பாய்களும் அதிகாரிகளும் 225 பேர் என்பது கணக்கு. அவர்களில் 11 பேர் அவரைப் போலவே குறி பார்த்துச் சுடும் ஜெர்மானியர்கள்.

ஒருவர் பலரானார்

225 என்ற எண்ணைக் கேட்டதும் கை தட்டத் தோன்றும். ஆனால் தோழர்களே, என்னைக் கேட்டால் அந்த எண்ணைவிடப் பெரிய சாதனை வேறொன்று இருக்கிறது. அவர் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்!

எங்கே? முன்னணியிலேயே, ஆலை இடிபாடுகளுக்குள்ளே. காலையில் பாடம், மாலையில் பரீட்சை, எதிரே நிற்பவன் எதிரி. ரஷ்ய மொழியில் 'ஜாயத்ஸ்' என்றால் முயல். ஜைத்சேவ் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஆகவே அவருடைய மாணவர்களைச் சிப்பாய்கள் வேடிக்கையாக 'முயல்குட்டிகள்' என்று கூப்பிட்டார்கள். ஆனால் அந்த முயல்குட்டிகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல், பகலில் தலை தூக்கவே பயந்து கிடந்தவர்கள் ஹிட்லரின் சிப்பாய்கள்!

என்ன சொல்லிக் கொடுத்தார்? ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்பச் சுடாதே. சூரியன் உன் முகத்தில் இருக்கும்போது அசையாதே, கண்ணாடி மின்னும். அது எதிரியின் முகத்துக்குத் திரும்பும்வரை காத்திரு. நேற்றுப் பார்த்த காட்சியில் இன்று எந்தக் கல் இடம் மாறியிருக்கிறது என்று பார். பொய் இலக்கைக் காட்டி எதிரியைச் சுடவை. இருவர் இருவராகப் போ. ஒருவன் பார்க்க, ஒருவன் சுட. இரண்டு இரண்டு பேராக மூன்று ஜோடிகளைச் சேர்த்து, ஒரே பகுதியைப் பல கோணங்களிலிருந்து மூடும் 'அறுவர்' முறையையும் அவர் கையாண்டார். ஒரு ஜோடியின் கண்ணுக்குத் தப்பியவன் இன்னொரு ஜோடியின் குறியில் விழுவான். பிற்காலத்திலும் பல சேனைகள் இந்த முறையைப் படித்தன.

இங்கேதான் கணக்கெழுதியவரின் மூளை வேலை செய்வதை நான் பார்க்கிறேன். தனியாளின் திறமையை வரிசைப்படுத்தி, முறைப்படுத்தி, பிறர் கையில் ஒப்படைப்பது ஒரு நல்ல கணக்கரின் குணம். தன் வித்தையைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொண்டிருந்தால், அவர் 'அபூர்வ மனிதர்' என்று பெயரெடுத்திருப்பார். ஆனால் அவருக்குக் காயம் பட்ட அன்றோடு அந்த வித்தையும் முடிந்து போயிருக்கும். அவர் அதைப் பகிர்ந்து கொடுத்தார். அவரோடு வேட்டைக்குச் சென்ற விக்டர் மெத்வேதெவ் அவருக்கு நிகராக வளர்ந்து, பின்னர் தானும் சோவியத் யூனியன் வீரர் பட்டம் பெற்றார்.

அந்த நகரத்தில் 13-வது காவற்படைப் பிரிவில் அனத்தோலி செகோவ் என்ற இளைஞர் இருந்தார். அவரைப் பற்றி எழுத்தாளர் வாசிலி குரோஸ்மன் பத்திரிகையில் எழுதினார். ஒடெஸ்ஸாவிலும் செவஸ்தபோலிலும் லுத்மிலா பவ்லிசென்கோ என்ற பெண் மொத்தம் 309 பேரை வீழ்த்தினார். அவர் கீவ் நகரத்தில் ஆயுத ஆலைத் தொழிலாளியாக இருந்து, பிறகு சரித்திர மாணவியானவர். 1943-ல் பெண்களுக்கென்றே தனியாகக் குறி சுடும் பயிற்சிப் பள்ளி ஒன்று சோவியத் நாட்டில் திறக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே பயின்று போர்முனைக்குப் போனார்கள். ஆகவே ஜைத்சேவ் தனிமரமல்ல, ஒரு தோப்பு.

மேஜரின் கதை

"அந்த ஜெர்மன் மேஜரோடு நடந்த துப்பாக்கிப் போட்டியைச் சொல்லவில்லையே?" என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

ஜைத்சேவ் தம் குறிப்புகளில் எழுதியது இது. சோவியத் குறிகாரர்களை ஒழிப்பதற்காக பெர்லினிலிருந்து ஒரு பள்ளியின் தலைவனான மேஜரை விமானத்தில் கொண்டுவந்திருப்பதாக ஒரு கைதி சொன்னான். ஜைத்சேவும் தோழர் குலிக்கோவும் பல நாட்கள் அவனைத் தேடினார்கள். முன்னால் கிடந்த ஓர் இரும்புத் தகட்டின் அடியில்தான் அவன் இருக்க வேண்டும் என்று சந்தேகம் வந்தது. ஒரு பலகையில் கையுறையை மாட்டி உயர்த்தினார்கள். தோட்டா வந்து நேராகத் துளைத்தது. அவன் நேர் எதிரே இருக்கிறான் என்று புரிந்தது. மறுநாள் சூரியன் தங்கள் முதுகுப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, குலிக்கோவ் தலைக்கவசத்தை மெல்ல உயர்த்தினார். எதிரி சுட்டான். குலிக்கோவ் அடிபட்டவர்போல் கூவி விழுந்தார். எதிரி எட்டிப் பார்த்தான். ஜைத்சேவின் விசை அசைந்தது.

அந்த மேஜருடையது என்று ஒரு தொலைநோக்கிக் கண்ணாடி மாஸ்கோவில் சேனை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. ஆனால் அப்படி ஒரு மேஜர் இருந்ததற்கு ஜெர்மன் ஆவணங்களில் சான்று கிடைக்கவில்லை என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நாம் சரித்திரத்துக்குப் பயப்பட வேண்டியவர்கள் அல்ல. அந்த மேஜர் இருந்திருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ஸ்டாலின்கிராடு இரண்டு பேர் போட்டியில் தீர்மானிக்கப்பட்ட விஷயமல்ல. நவம்பர் 19-ல் தொடங்கிய செஞ்சேனையின் எதிர்த் தாக்குதல், நான்கே நாளில் ஆறாவது சேனையைச் சுற்றி வளைத்தது. அந்த வளையம் இறுகும்வரை நகரத்தைக் கைவிடாமல் பிடித்து வைத்திருந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

சினிமா மறைத்தது என்ன?

2001-ல் 'எனிமி அட் த கேட்ஸ்' என்று ஓர் ஆங்கிலப் படம் வந்தது. அதில் ஜைத்சேவை, எழுத்தே சரியாக வராத ஆட்டிடையனாகக் காட்டினார்கள். சோவியத் சிப்பாய்களைப் பின்னாலிருந்து எந்திரத் துப்பாக்கியால் விரட்டப்பட்ட மந்தையாகக் காட்டினார்கள்.

உண்மை என்ன? 1942 ஜூலை 28-ல் '227-வது உத்தரவு' பிறந்தது, கடுமையான உத்தரவுதான். தடுப்புப் படைகளும் தண்டனைப் படைகளும் இருந்தன. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். பசிபிக் கரையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவரைப் போர்முனைக்கு விரட்டிய துப்பாக்கி எது? மனுவுக்கு மேல் மனு எழுத வைத்த சவுக்கு எது? பயத்தால் ஒரு மனிதனைக் குழிக்குள் தள்ளலாம். ஐந்து வாரம் பனியில் படுத்து, பொறுமையாகக் காத்திருந்து, இரவில் வந்து இன்னொருவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வைக்க பயத்தால் முடியாது.

படிப்பில்லாதவன், காட்டான், பிறவித் திறமையால் வீரனானான் என்றால், அந்த வெற்றிக்கு ஒரு சமுதாயம் காரணம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை பாருங்கள்! குடியானவர் மகனுக்குப் பள்ளிக்கூடத்தையும் கணக்குப் புத்தகத்தையும் எஃகு நகரத்தையும் கொடுத்த ஒரு நாடு இருந்தது என்பதைச் சொல்லாமலே கதையை முடித்துவிடலாம். அதைத்தான் அந்தப் படம் செய்தது.

கொன்றவரைப் போற்றலாமா?

இளந்தோழர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு. "சமாதானம் பேசுகிற நாம், 225 பேரைச் சுட்ட ஒருவரைப் போற்றுவது எப்படி?" நியாயமான கேள்வி. நாம் தட்டிக் கழிக்கக் கூடாது.

சுடப்பட்டவர்களில் ஜெர்மன் தொழிலாளியின் மகனும் இருந்திருப்பான், குடியானவன் மகனும் இருந்திருப்பான். அதை மறந்தால் நாம் கம்யூனிஸ்டுகள் அல்ல. அந்தப் பனிக்காலத்திலேயே வால்டர் உல்பிரிக்ட், கவிஞர் எரிக் வைனெர்ட், எழுத்தாளர் வில்லி பிரேடல் ஆகிய ஜெர்மன் கம்யூனிஸ்டுகள் ஸ்டாலின்கிராடு முனைக்கு வந்தார்கள். ஒலிபெருக்கியில் தங்கள் சொந்த மொழியில், "சரணடையுங்கள், வீணாகச் சாகாதீர்கள்" என்று தம் நாட்டுச் சிப்பாய்களை அழைத்தார்கள். ஒரு பக்கம் குழல், மறுபக்கம் குரல்; இரண்டும் ஒரே யுத்தத்தை முடிப்பதற்காகத்தான்.

ஆனால் சரணடையாமல் துப்பாக்கியோடு முன்னேறி வருகிறவன் முன்னால் என்ன செய்வது? அந்த யுத்தத்தில் சோவியத் மக்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேரை இழந்தார்கள். வீட்டை எரித்து, குழந்தையைப் பட்டினி போட்டு, ஒரு ஜனத்தையே அடிமையாக்க வந்தவனைத் தடுப்பது, கொலை வெறிக்கு நேர் எதிரானது. ஜைத்சேவ் பெர்லினைப் பிடிக்க ஆசைப்பட்டுத் துப்பாக்கி எடுக்கவில்லை. பெர்லின் வால்காவுக்கு வந்ததால் எடுத்தார்.

துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு

1943 ஜனவரியில் குண்டு வெடித்து அவர் கண்கள் காயப்பட்டன. குறி பார்த்த கண்ணே போய்விட்டதோ என்ற நிலை. புகழ்பெற்ற கண் மருத்துவர் பேராசிரியர் ஃபிலாத்தோவின் சிகிச்சையால் பார்வை திரும்பியது. 1943 பிப்ரவரி 22-ல் சோவியத் யூனியன் வீரர் பட்டம் கிடைத்தது. கட்சியில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். மறுபடியும் போர்முனைக்குப் போனார், குறி சுடுவதைப் பற்றிப் பாட நூல்கள் எழுதினார், காப்டனாக யுத்தத்தை முடித்தார்.

பிறகு? பதக்கங்களை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. உக்ரேனின் தலைநகரமான கீவ் நகரத்தில் குடியேறினார். மறுபடியும் படித்தார். எஞ்சினியராக வேலை பார்த்து, ஒரு துணி ஆலையின் இயக்குநராக உயர்ந்தார். கணக்கிலிருந்து துப்பாக்கிக்கு வந்தவர், துப்பாக்கியிலிருந்து தறிக்கும் நூலுக்கும் போனார். மனிதர்களுக்கு உடுப்புச் செய்யும் வேலை! அவருடைய வாழ்க்கை முழுவதற்கும் இதுதான் பொருத்தமான விளக்கம் என்பேன்.

1991 டிசம்பர் 15-ல் கீவில் அவர் காலமானார். வயது 76. பதினோரு நாட்கள் கழித்து, அவர் காத்த சோவியத் யூனியன் என்ற நாடே இல்லாமல் போயிற்று. ஸ்டாலின்கிராடு மண்ணில் புதைக்கப்பட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அது 2006 ஜனவரி 31-ல்தான் நிறைவேறியது. கீவிலிருந்து அவரது உடல் எடுத்துச் செல்லப்பட்டு, மமாயெவ் குன்றில், அவர் காத்த அதே மண்ணில், ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது.

தோழர்களே, நெஞ்சு கனக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஜைத்சேவ் உரால் பூமியின் ரஷ்யர். அவருடைய படைத் தலைவர் பத்யூக் உக்ரேனியர். ஒரே பதுங்குகுழியில் உக்ரேனியனும் ரஷ்யனும் உஸ்பெக்கியனும் கஜாக்கியனும் தத்தாரியனும் ரொட்டியைப் பகிர்ந்து தின்றார்கள். ஒரே நதியைக் காத்தார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்தன. அந்தப் பதுங்குகுழிகளில் தோளோடு தோள் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், ஒருவர் மேல் ஒருவர் குறி வைத்தார்கள். முதலாளித்துவமும் தேசிய வெறியும் மக்களின் ஒற்றுமையை உடைத்தால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டுமா?

மமாயெவ் குன்றில் கிடக்கும் அந்த மனிதர் இன்று நம்மைப் பார்த்துத் துப்பாக்கி எடுக்கச் சொல்லவில்லை. பாசிசம் தலையெடுக்கும்போது ஆரம்பத்திலேயே தடுத்து நிறுத்து. அது நதிக்கரை வரும்வரை காத்திராதே. உனக்குத் தெரிந்ததை உன் பக்கத்துத் தோழனுக்குச் சொல்லிக் கொடு. வேலை முடிந்ததும் ஆயுதத்தை வைத்துவிட்டு ஆலைக்குப் போ. அவருடைய வாழ்க்கை சொல்லும் பாடம் இந்த மூன்றும்தான்.

ஸ்டாலின்கிராடு வீரர்களுக்கு வீர வணக்கம்!

பாசிசம் ஒழிக! உலக சமாதானம் ஓங்குக!